குரல்வளம் இல்லாதவருக்கு இசைப் பயிற்சி எதற்கு?

1888-ஆம் ஆண்டு சட்டம் பயில லண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி, ஆங்கிலக் கனவானாக மாறிவிட வேண்டும் என்ற ஆசையில் சில மாதங்களைச் செலவிட்டார். புதிய உடைகள் தைத்துக்கொண்டார்; கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகினார்; மூன்று பவுன் கட்டணம் செலுத்தி ஒரு நடன வகுப்பில் சேர்ந்தார். மூன்று வாரங்களில் ஏறக்குறைய ஆறு பாடங்கள் நடந்தன. பியானோவின் போக்கு அவருக்குப் பிடிபடவே இல்லை. ஆகவே கால்களும் தாளத்துக்கு வரவில்லை. மேற்கத்திய இசைக்குக் காதைப் பழக்கினால் இந்தக் குறை தீரும் என்று எண்ணி, மேலும் மூன்று பவுன் கொடுத்து ஒரு வயலின் வாங்கினார். அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியை. பேச்சுக்கலை கற்பிக்க இன்னோர் ஆசிரியர். எலியை விரட்டப் பூனை, பூனைக்குப் பால் கொடுக்கப் பசு, பசுவைப் பராமரிக்க ஓர் ஆள் என்று பெருக்கிக்கொண்டே போன துறவியின் கதையைத் தம் நிலைக்கு உவமையாக அவரே கூறியிருக்கிறார். (கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்த சாதுவின் கதையாக இதை வாசகர்களில் பலர் கேட்டிருப்பர்.) மூன்று மாதங்களில் மயக்கம் தெளிந்தது. கிடைத்த விலைக்கு வயலினை விற்றுத் தரும்படி ஆசிரியையிடமே நேரில் சென்று கேட்டுக்கொண்டார்.

‘சத்திய சோதனை’யின் இந்த அத்தியாயத்தை ஆடம்பரத்தை எளிமை வென்ற கதையாகவே எல்லோரும் படிக்கிறோம். அதில் தவறில்லை. எனினும் அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இசைக் காது வாய்க்காத ஓர் இளைஞர் இசைப் பயிற்சியைத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். “வராத வித்தையை விட்டது நல்லது” என்றுதான் உலகம் சொல்லும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் அந்த விஷயம் அத்துடன் முடியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1918-ல், ஆமதாபாத்தில் அவர் நிறுவிய சத்தியாக்கிரக ஆசிரமத்துக்கு பண்டித நாராயண் மோரேஷ்வர் கரே வந்து சேர்ந்தார். ஹிந்துஸ்தானி இசையில் முறையாகத் தேர்ந்தவர். விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் சீடர். ஆசிரமத்தின் காலை மாலைப் பிரார்த்தனைகளில் பாடல்களை நடத்தியவர் அவர். ‘ஆசிரம பஜனாவளி’ என்ற தொகுப்பை உருவாக்கியவரும் அவரே. 1930-ல் தண்டி யாத்திரையில் காந்திஜியுடன் நடந்தவர்களுள் அவரும் ஒருவர். நூற்கவும் நெய்யவும் சமைக்கவும் கழிவறை சுத்தம் செய்யவும் வந்த மனிதர்களுக்கு அவர் சுரம் சொல்லிக்கொடுத்தார். அவர்களை யாரும் குரலைச் சோதித்துச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1920-ல் ‘யங் இந்தியா’ இதழில் காந்திஜி இன்னும் ஒரு படி மேலே சென்றார்: தொண்டர் படைகளிடமும் சாரணர்களிடமும் தமக்குச் செல்வாக்கு இருக்குமானால், தேசியப் பாடல்களைக் கூட்டமாகச் சேர்ந்து சரியாகப் பாடுவதைக் கட்டாயமாக்குவேன் என்றும், ஒவ்வொரு மாநாட்டுக்கும் சிறந்த இசைவாணர்களை வரவழைத்து மக்கள் திரளுக்குக் கற்பிக்கச் செய்வேன் என்றும் எழுதினார்.

லண்டனில் வயலினை விற்றவரும், மக்கள் திரளுக்கே இசை ஆசிரியர் வேண்டும் என்றவரும் ஒருவரே. அவர் இடையில் பாடகராகிவிடவில்லை. லண்டனில் அவர் இசையைத் தேடியது பிறர் கண்ணுக்குக் கனவானாகத் தோன்றுவதற்காக. ஆசிரமத்தில் இசை வேண்டப்பட்டது பிறரோடு சேர்ந்து ஒரு குரலாக வழிபடுவதற்காக. திறமை இல்லாதவர் இசை கற்கலாமா என்ற கேள்விக்கு விடை தேடுபவர், முதலில் “எதற்காக?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

வாய்த்தவர்களும் வாய்க்காதவர்களும்

சாரீரம் பிறவியில் வாய்க்க வேண்டும் என்பது இந்த நாட்டில் வேரூன்றிய எண்ணம். வட இந்தியாவில் இசை நெடுங்காலம் கரானா எனப்படும் குடும்ப மரபுகளின் சொத்தாக இருந்தது. கற்க விரும்பியவர் உஸ்தாதின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்து காத்திருக்க வேண்டும். எவருக்கு எதைக் கொடுப்பது என்பதை அவரே தீர்மானிப்பார். பெரும் கலைஞர்களை உருவாக்கிய முறை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் கடைக்காரருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ இல்லத்தரசிக்கோ அந்த வீட்டின் கதவு திறக்கவில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். சிறு வயதில் வெடி விபத்தில் பார்வை பழுதுபட்ட பலுஸ்கர், 1901 மே 5 அன்று லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். பொதுமக்களின் ஆதரவில், பாடத்திட்டத்துடனும் வகுப்புகளுடனும், விரும்பி வந்த எவரும் சேர்ந்து கற்கும்படி அந்தப் பள்ளி நடந்தது. மற்றொருவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. தொழிலால் வழக்கறிஞர், கச்சேரி மேடையில் புகழ் பெற்றவர் அல்லர். நாடெங்கும் சுற்றி ராகங்களையும் பாடல்களையும் திரட்டி, மாணவர் படிப்படியாகக் கற்கும் வகையில் ஆறு பாகங்களில் பாடநூல் எழுதினார். 1926-ல் லக்னோவில் இசைக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். ஹிந்துஸ்தானி இசை உலகில் ஒரு சொல் விளையாட்டு உண்டு: தான்சேன்களை உருவாக்க முடியாவிட்டாலும் ‘கான்சேன்’களை உருவாக்கலாம் என்பார்கள். ‘கான்’ என்றால் காது. நன்றாகப் பாடத் தெரியாவிட்டாலும் நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் கான்சேன்.

தென்னாட்டில் இதற்கும் நெடுங்காலம் முன்பே ஒரு வழி செய்யப்பட்டிருந்தது. கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களை ஒழுங்குபடுத்தியவர் என்று மரபு புரந்தரதாசரைப் போற்றுகிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்துள்ளன. அந்த ராகத்தின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே வடிவம் கொண்டவை. ‘ச ரி க ம’வில் சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளிகளே ‘ப த நி ச’விலும் திரும்ப வருகின்றன. முதல் நான்கு படிகளில் கால் பழகியவர் அடுத்த நான்கு படிகளையும் பழகிய கால்களாலேயே ஏறலாம். ஒவ்வொன்றையும் முதற்காலத்தில் மெதுவாகவும், பிறகு இரட்டித்தும், மேலும் இரட்டித்தும் பாட வேண்டும். மேதைக்கு இவ்வளவு படிகள் தேவையில்லை. படிக்கட்டு கட்டப்பட்டது தாவ முடியாதவர்களுக்காகத்தான்.

ஒரு மாலை விளக்கு

இந்தக் கேள்வியை வெறும் கொள்கையாகப் பேசுவதைவிட ஒரு மனிதரை மனத்தில் நிறுத்திப் பேசுவது நல்லது. புனேயின் பழைய பேட்டை ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாகபுரியிலும் மைசூரிலும் கொல்கத்தாவிலும்கூட இவரைப் போன்றவர்கள் உண்டு. அறுபத்திரண்டு வயது. மனைவி இருந்தவரை மாலையில் விளக்கேற்றி, ‘சுபம் கரோதி’ சொல்லி, ஓர் அபங்கம் பாடுவார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. விளக்கை இப்போது இவர் ஏற்றுகிறார்; பாட்டு மட்டும் இல்லை. ஒருநாள் பாடிப் பார்த்தார். தம் குரல் தமக்கே பொறுக்கவில்லை. பள்ளி நாட்களில் வாத்தியார் “நீ வாயை மட்டும் அசை” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு தெரு தள்ளிப் பாட்டு வகுப்பு நடத்தும் இளம்பெண் ஒருத்தியிடம் சென்று தயங்கி நின்றார்.

அவளுக்கு வயது இருபத்தாறு இருக்கும். இரண்டு நாள் அவர் குரலைக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “காகா, இது கச்சேரிக்கான குரல் இல்லை. ஆனால் ‘சா’ வரும்.”

இந்த இரண்டு வாக்கியங்களில் ஆசிரிய தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். திறமையற்றவருக்குக் கற்பிப்பதில் உள்ள பெரிய ஆபத்து பொய். மாதக் கட்டணத்தை இழக்க விரும்பாத ஆசிரியர், “இன்னும் இரண்டு வருடத்தில் மேடை ஏறிவிடலாம்” என்று சொல்லக்கூடும். பலுஸ்கரின் சீடர்கள் 1931-ல் அமைத்த அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டலம் பிரவேசிகா, மத்யமா, விஷாரத், அலங்கார் என்று படிப்படியாகத் தேர்வுகள் நடத்துகிறது. ஒழுங்கான கல்விக்கு அவை பெரிய துணை. அதே சமயம், எந்த நல்ல தேர்வும் மதிப்பெண்ணையே நோக்கமாகக் கொண்டவர் கையில் நடன வகுப்பும் வயலினும் ஆகிவிடக்கூடும். மாணவரின் எல்லையை மறைக்கும் ஆசிரியர் அவரை ஏமாற்றுகிறார். எல்லையை மட்டும் சொல்லி அனுப்பிவிடும் ஆசிரியரோ, அவருக்குள் இருப்பதைப் பார்க்க மறுக்கிறார். ‘கச்சேரி வராது’ என்பதும் உண்மை; ‘சா வரும்’ என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குத் துணிவும் வேண்டும், கருணையும் வேண்டும்.

‘சா வரும்’ என்று அவள் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. தமக்கு இசைக் காதே இல்லை என்று நம்புகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதை அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. சுரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியவே முடியாத பிறவிக் குறைபாட்டுக்கு ‘அம்யூசியா’ என்று பெயர். மாண்ட்ரீல் நகர ஆய்வாளர் இசபெல் பெரெட்ஸும் அவர் சக ஆய்வாளரும் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றில் ஒன்றரைப் பேருக்கே அது உண்டு. 2007-ல் பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரௌனும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: சுருதி பிசகிப் பாடுகிறவர்களில் பலருக்குக் காது நன்றாகவே வேலை செய்கிறது, கேட்டதைக் குரலுக்குக் கொண்டுவரும் பாதையில்தான் பிழை நேர்கிறது. வாயை மட்டும் அசைக்கும்படி சொல்லப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் அந்தப் பாதையில் நடந்து பழக வாய்ப்பே இல்லாமல் வளர்ந்துவிட்டார்களோ!

அந்தப் பாதையைப் பழக்குவதற்கு நம் முன்னோர் கண்ட கருவி தம்பூரா. அதன் ஆதார சட்ஜம் விநாடிக்கு 130 அதிர்வுகளில் ஒலிப்பதாகவும், கற்பவரின் குரல் 134-ல் நிற்பதாகவும் கொண்டால், இரண்டு ஒலிகளும் சேரும்போது விநாடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும் ஒரு நடுக்கம் எழும். குரல் சற்று இறங்க இறங்க நடுக்கம் மெதுவாகும். மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு அது அடங்கிவிடும். குரல் எது, தந்தி எது என்று தெரியாத ஓர் அமைதி ஏற்படும். இதை உணரப் பெரிய ஞானம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். காகா ஆறு வாரம் ‘சா’வில் நின்றார். ஒவ்வொரு முறை பிசகும்போதும் அவள் கையைச் சற்று உயர்த்தி, “காகா, பரத்” என்பாள். மராத்தியில் அதற்கு ‘மறுபடியும்’ என்று பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்திவந்தவர், மகளைவிட இளையவள் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, “சரி, தாயி” என்று மறுபடியும் தொடங்குவார்.

ஒருநாள் அவள் அவர் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். அது தம் குரலே இல்லை என்று அவர் சாதித்தார். பேசுகிறவர் தம் குரலைக் காற்றின் வழியாக மட்டும் கேட்பதில்லை. மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறார். ஆகவே தம் குரல் தமக்கு ஒருவிதமாகவும் உலகத்துக்கு வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. உடலியல் கூறும் இந்தச் சிறிய செய்தி ஆன்மிக சாதகருக்குப் புதியதன்று. தம்மைப் பற்றிய தம் கணிப்பு உள்ளிருந்து கேட்ட ஒலியே என்பதை ஏற்க ஒவ்வொருவருக்கும் சிறிது காலம் பிடிக்கிறது. திறமை மிக்கவர் இந்தப் பாடத்தைத் தவிர்த்துவிட முடியும். பாராட்டு அவர் காதை நிறைத்துவிடும். திறமையற்றவருக்கு அந்த வசதி இல்லை.

பதிலாகப் பாட ஆள் வைக்கலாமா?

காகாவின் மகளுக்கு இது பிடிக்கவில்லை. “பாபா, இந்த வயதில் எதற்கு இந்தச் சிரமம்? பீம்சேன் ஜோஷியின் அபங்கங்கள் எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கின்றனவே. விளக்கை ஏற்றிவிட்டுப் போட்டுக் கேளுங்கள்.” அன்பினால் சொன்ன சொல், நியாயமும் உண்டு. உன்னதமான குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மட்டமான குரலில் ஏன் பாட வேண்டும்?

இதே கேள்வியை அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் எட்டாம் பகுதியில் எழுப்புகிறார். பிறர் வாசிப்பதைக் கேட்டு மகிழலாமே, தாமே ஏன் கற்க வேண்டும்? ஸ்பார்ட்டா நாட்டவர் கற்காமலே நல்ல இசை எது என்று சரியாகத் தீர்மானிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கவிஞர்களின் ஸியூஸ் தேவனும் தானே பாடுவதோ யாழ் மீட்டுவதோ இல்லை. இப்படி எதிர்த்தரப்பை முழுதாகச் சொல்லிவிட்டு அவர் தரும் விடை: ஒரு செயலில் தாமே ஈடுபடாதவர் அதைச் சரியாக மதிப்பிடுவது அரிது, ஆகவே இளமையில் எல்லோரும் பாடியும் வாசித்தும் கற்க வேண்டும், ஆனால் போட்டிக் கலைஞர்களின் அளவுக்குப் போக வேண்டியதில்லை. வயது ஏறியபின் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் அவர் கருதினார். ஆதலால் அறுபத்திரண்டு வயதுக் காகாவுக்காக அவர் பரிந்து பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அரிஸ்டாட்டிலின் விடை பாதி வழிவரை வருகிறது. பாடிப் பழகியவருக்குக் கேட்கும் திறன் கூடுகிறது என்பது உண்மை. நிஷாதத்தை எட்ட நாள்கணக்கில் முயன்று தோற்றவருக்கு, ஒரு மகாவித்வான் அதே நிஷாதத்தில் அசையாமல் நிற்கும்போது அங்கே நடப்பது என்னவென்று தெரிகிறது. மற்றவருக்கு அது இனிமையான ஒலி மட்டுமே. ஆயினும் காகா ரசிகராவதற்காக அந்த வகுப்புக்குப் போகவில்லை. ஒரு வழிபாட்டைத் தொடர விரும்பினார். ரசிப்பதற்குப் பிறர் குரல் போதும். வழிபாட்டுக்கு ஆள் வைக்க முடியாது. ஒருவர் உண்பதால் மற்றவர் பசி தீராதது போல, கருவியிலிருந்து எழும் தோத்திரம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதைப் போட்டவருடைய தோத்திரம் ஆகிவிடாது. மனம் கலந்து கேட்பதும் ஒரு வழிபாடுதான், ஆனால் அந்த வீட்டில் ஓராண்டாக மௌனமாக இருந்தது ஒரு வாய், காதுகள் அல்ல.

அப்படியானால் எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி வரும். பக்தர்களிடையே அதிகம் ஒலிப்பது அதுவே. இறைவன் பாவனையைத்தானே பார்க்கிறான்? சுருதி சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன? மனம் உருகிப் பாடினால் போதாதா? பிறகு எதற்குப் பயிற்சி?

மனம் போதும் என்பது உண்மையே. அந்த நூற்றில் ஒன்றரைப் பேர், எவ்வளவு முயன்றாலும் சுரம் பிடிபடாதவர்கள், வழிபாட்டில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களை எந்த பஜனைக் கூடத்திலிருந்தும் விலக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ‘பாவனை போதும்’ என்ற சொல் பெரும்பாலும் அவர்கள் வாயிலிருந்து வருவதில்லை. பயிற்சியின் சிரமத்தைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் வாயிலிருந்தே வருகிறது. இறைவன் உள்ளத்தைப் பார்க்கிறான் என்பதற்காக யாரும் அழுகிய பூவைப் பறித்துச் சாத்துவதில்லை. தோட்டம் உள்ளவர் ரோஜா கொண்டுவரலாம். இல்லாதவர் வேலியோரத்துத் தும்பையைக் கொண்டுவரலாம். தும்பையானாலும் அதில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறார். தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லி உச்சரிப்புக் கல்வியின் ஆறு அங்கங்களை எண்ணிக் கூறிவிட்டே மேலே செல்கிறது: எழுத்தின் ஒலி, சுரம், மாத்திரை, அழுத்தம், சமநிலை, தொடர்ச்சி. பிரம்மத்தைப் பற்றிப் பேசவிருக்கும் நூல், நாக்கும் தொண்டையும் செய்ய வேண்டிய வேலையை முதலில் பேசுகிறது.

கூட்டு வழிபாட்டில் இன்னொன்றும் உண்டு. தம் குரலைத் தாமே கேட்காமல் உரக்கப் பாடுகிறவர், பக்கத்தில் இருப்பவரின் மன ஒருமையைக் குலைக்கிறார். அவருடைய பக்தியில் குறையில்லை, கவனத்தில்தான் குறை. பயிற்சி பெற்றவர் அழகாகப் பாடாவிட்டாலும், எங்கே தாழ்த்திப் பாட வேண்டும், எங்கே கூட்டத்தின் குரலுக்குள் தம் குரலைக் கரைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிந்திருப்பார். பிறரைக் கேட்டுக்கொண்டே தாம் ஒலிப்பது எளிய வித்தை அன்று. இசைக்கு வெளியிலும் அதை அறிந்தவர்கள் குறைவு.

கீதையைப் பயின்றவர்கள் சுவதர்மத்தை நினைவூட்டக்கூடும். தம் இயல்புக்குப் பொருந்தாததில் இறங்குவது பரதர்மம் ஆகாதா? வாழ்க்கைத் தொழிலாக இசையை மேற்கொள்ள நினைப்பவருக்கு இந்த எச்சரிக்கை பொருந்தும். குடும்பத்தைப் பட்டினி போட்டுத் தம்புராவைத் தூக்கியவர்களும் உண்டு. ஆனால் மாலையில் விளக்கின் முன் பாடுவது ஒரு தொழில் அன்று. வீட்டுக்குரியவரின் கடமையும் உரிமையும் ஆகும். மேலும் கீதை சுவதர்மத்தைப் போற்றும் இடத்தில், அது குறைவுடன் செய்யப்பட்டாலும் மேலானது என்றே பேசுகிறது. குறையைக் காரணம் காட்டிக் கைவிடுபவருக்கு அங்கே ஆதரவு கிடைக்காது. பதஞ்சலி முனிவரும் அப்பியாசம் உறுதிப்படுவதற்கு நீண்ட காலம், இடைவிடாமை, மதிப்புடன் செய்தல் ஆகியவற்றைக் கூறுகிறார். திறமை அந்த வரிசையில் இடம்பெறவில்லை.

செலவு குறித்தும் ஒரு சொல். காந்திஜி வயலினை விற்றது சரியே. அது படிப்புக்காக அண்ணன் அனுப்பிய பணம். கடன் வாங்கியோ, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை நிறுத்தியோ இசை கற்க வேண்டியதில்லை. பஜனைக் குழுவில் நன்றாகப் பாடும் ஒருவர் வாரம் ஒருமுறை பத்துப் பேரை உட்கார வைத்து ‘சா’ சொல்லித் தந்தாலே பெரும்பாலோருக்குப் போதும்.

அசையும் வாய்கள்

இவற்றையெல்லாம்விட அவசரமானது குழந்தைகளின் நிலை. ஆண்டு விழாவுக்கு முந்திய வாரங்களில் நாடெங்கும் பள்ளிகளில் ஒரு தேர்வு நடக்கிறது. நன்றாகப் பாடும் குழந்தைகள் முன் வரிசைக்கு வருகிறார்கள். சுருதி சேராத குழந்தையிடம், வாயை மட்டும் அசைக்கும்படி சொல்லப்படுகிறது. சொல்பவருக்கு அது ஒரு நிமிட வசதி. விழா முடிந்ததும் மறந்துவிடுவார். அந்தக் குழந்தை ஐம்பது ஆண்டு மறப்பதில்லை. அது கற்றுக்கொண்டது பாடத் தெரியாது என்பதை மட்டுமன்று. எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒன்றில் தான் செய்வதுபோல் நடிக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. உண்மையைப் போற்றும் ஒரு நாட்டில் ஆறு வயதுக் குழந்தைக்கு இசையின் பெயரால் கற்பிக்கப்படும் முதல் பொய் இது.

இதே பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது யாருடைய குரலையும் யாரும் சோதிப்பதில்லை. ஏறக்குறைய 52 விநாடிகள் எல்லோரும் பாடுகிறார்கள். பாட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் படுகிறது. அந்த 52 விநாடிகளுக்கு மட்டும் உரிய சமத்துவத்தை வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாட்டு வகுப்புக்கும் நீட்டினால் என்ன? சுருதி சேராத குழந்தையைப் பின்வரிசைக்கு அனுப்பாமல், தம்பூராவின் அருகில் அமர்த்தலாம். கூடுதலாகப் பத்து நிமிடம் தேவைப்படுவது அந்தக் குழந்தைக்குத்தான். கணக்கில் பின்தங்கிய மாணவனிடம் “நீ எழுதுவதுபோல் பேனாவை மட்டும் அசை” என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

காகா இப்போது எட்டு மாதங்களாக வகுப்புக்குப் போகிறார். மேல் சட்ஜம் இன்னும் கரகரக்கிறது. மனைவி பாடிய அபங்கத்தின் முதல் இரண்டு அடிகளை அவள் கற்றுத் தந்திருக்கிறாள். மூன்றாவது அடிக்கு இன்னும் நாள் ஆகும். மகள் மாலை வேளைகளில் தொலைபேசியில் அழைத்தால், “அரை மணி கழித்துப் பேசு” என்கிறார்.

சென்ற வாரம் வகுப்பில் அவர் பாடிக்கொண்டிருந்தார். பஞ்சமத்திலிருந்து இறங்கும் இடத்தில் குரல் சற்றே பிசகியது. அவள் கை இன்னும் உயரவில்லை. அவர் தாமே நிறுத்தினார். கண்களை மூடித் தம்பூராவைச் சிறிது நேரம் கேட்டார்.

“பரத், தாயி” என்று சொல்லி, மறுபடியும் ‘சா’விலிருந்து தொடங்கினார்.